மாவுக்கட்டை ஆல்டர் செய்த அண்ணிக்கு

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். என் வலது கை மட்டும் நலமில்லை. ஆனால் இந்த வீட்டில் 'அனைவரும்' என்று சொல்லும்போது என் கையைச் சேர்க்கும் பழக்கம் இல்லாததால் முதல் வாக்கியத்தை அடிக்காமல் அப்படியே விட்டுவிடுகிறேன். அங்கே நீங்களும் அண்ணனும், விடுதியில் இருக்கும் பையன்கள் இருவரும் எலும்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க விரும்புகிறேன். இந்த விருப்பத்தில் எந்த உள்நோக்கமும் இல்லை.

உங்கள் கடிதமும் கவுன் பொட்டலமும் வந்து நாளாகிவிட்டது. பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் கை. கைக்குக் காரணம் நீங்கள். ஆகவே இந்த மன்னிப்பை நாம் இருவரும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளலாம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் பேசினால் நீங்கள்தான் பேசுவீர்கள். தவிர, தினமும் ஒரு பக்கம் கையால் எழுத வேண்டும் என்பது எனக்குச் சொல்லியிருக்கும் பயிற்சி. மருத்துவமனையில் கைக்குப் பயிற்சி கொடுக்க ஓர் அம்மா இருக்கிறார். அவர் என்னை 'நீ' என்பார், என் கையை 'இவங்க' என்பார். "நீ அப்படி ஓரமா உக்காரு. இவங்க இன்னிக்கு எப்படி இருக்காங்க? ராத்திரி தூங்கினாங்களா?" புகுந்த வீட்டில் எனக்குக் கிடைக்காத மரியாதை என் மணிக்கட்டுக்குக் கிடைப்பதைப் பார்த்துக்கொண்டு நான் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். "எதையாவது பார்த்து எழுது, பேப்பர்ல வர்ற விளம்பரமா இருந்தாலும் பரவாயில்ல" என்று அவர் சொன்னதால், நல்ல நிலையில் உள்ள குளிர்சாதனப் பெட்டி விற்பனைக்கு, காற்றோட்டமான மாடி அறை வாடகைக்கு என்று எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்து தண்ணீரில் விழுந்த எறும்பு மாதிரி இருந்தது. பிறகு ஒருநாள் உங்கள் கடிதத்தை மறுபடி படித்துவிட்டு, மாடி அறை விளம்பரத்துக்குக் கீழேயே உங்களுக்குச் சில வரிகள் எழுதிப் பார்த்தேன். எழுத்து நிமிர்ந்து நின்றது. பேனா தாளைத் துளைத்துக்கொண்டு போனது. அந்த அம்மா பார்த்துவிட்டு, "இவங்களுக்குத் திடீர்னு எங்கிருந்து இவ்வளவு பலம்?" என்று ஆச்சரியப்பட்டார். ஆகவே இதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். கடுமையாக இருக்கும் இடங்களில், எனக்குக் குணமாகிறது என்று சந்தோஷப்படுங்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் அங்கே எல்லோரிடமும் சொல்லிவரும் விதம் வேறாக இருப்பதாக என் காதுக்கு எட்டியதால் ஒரு தடவை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிச் சீருடை சீசன். கீழே நம் தையல் கடையில் கால் வைக்க இடமில்லாமல் துணி மாடிப்படி ஏறி வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. கூடத்தில் நீல ஸ்கர்ட்டுகள், கட்டிலில் சட்டைக் காலர்கள், சமையலறை வாசலில் யாரோ வெட்டிப் போட்டிருந்த வழவழப்பான லைனிங் துணி. 'யாரோ' என்பது மரியாதைக்காக. சீசனுக்கு உதவ வந்திருந்த உங்களைத் தவிர அந்த வீட்டில் லைனிங் வெட்டத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. பொத்தான் என் இடது இடுப்பில் இருந்தாள். (உங்கள் தம்பி மகளுக்கு நானும் அகராதியெல்லாம் பார்த்து ஒரு பெயர் வைத்தேன். நீங்கள் மூக்கைப் பார்த்துவிட்டு 'பொத்தான் மாதிரி இருக்கு' என்றீர்கள், அதோடு அந்தப் பெயர் போயிற்று.) கால் வழுக்கியது. இடது கை குழந்தையை விடவில்லை. வலது கை தரையைத் தேடிக்கொண்டு போனது, கண்டுபிடித்தது. மாமா, அதாவது உங்கள் அப்பா, கடையிலிருந்து மேலே ஓடி வந்து, "குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். பின்னாலேயே உங்கள் தம்பி வந்தார், அவரும் அதையே கேட்டார். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, அவள் மறுபடி விழலாமா என்று சிரித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் என் காலுக்கடியிலிருந்து லைனிங் துணியை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்லவேளை, கிழியல" என்றீர்கள்.

எலும்பு டாக்டர் இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார். நனைக்கக் கூடாது, கழற்றக் கூடாது, தளர்ந்தால் உடனே வர வேண்டும், விரல்களை மட்டும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். உங்கள் தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தையற்காரர் தலையாட்டினால் நம்பக் கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது. 'வியாழக்கிழமை கண்டிப்பா வேணும்' என்று சொல்கிறவர்களுக்கு ஆட்டும் அதே ஆட்டல்தான் அது.

வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்ந்தது. டாக்டரிடம் போகலாம் என்றேன். "சீசன் தலைக்கு மேல இருக்கு, ரெண்டு நாள் பொறு" என்றார் உங்கள் தம்பி. அப்போதுதான் நீங்கள் என் மாவுக்கட்டுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தீர்கள். வேறு கடையில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு யாராவது வந்தால் உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வருமே, அது வந்தது.

"யாரு போட்டது இது? அளவே எடுக்கல போல. மணிக்கட்டுல இவ்வளவு லூசு."

"அண்ணி, இது சட்டை இல்ல அண்ணி."

"கைக்குப் போடுறதுதானே? எல்லாம் ஒண்ணுதான். இந்தப் பக்கம் பாரு, உள்ளங்கை வரைக்கும் ஏத்தி விட்டிருக்காங்க. இத வச்சுக்கிட்டு நீ எப்படி ஊசி பிடிப்ப?"

ஊசி என்ற சொல் காதில் விழுந்ததும் மாமா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு என் கையை இப்படியும் அப்படியும் பார்த்தார். காதில் செருகியிருந்த சாக்கட்டியை எடுத்து மாவுக்கட்டின் மேல் அழகாக ஒரு வளைவு வரைந்தார். நான் வேண்டாம் என்றேன். மறுபடியும் வேண்டாம் என்றேன். உங்கள் வீட்டில் சாப்பாடு பரிமாறும்போது மருமகள் வேண்டாம் என்றால் இன்னொரு கரண்டி விழும். அதே மாதிரிதான் இதுவும் விழுந்தது. உங்கள் தம்பி இரும்புக் கடைக்குப் போய் ரம்பத்துக்குப் போடும் பிளேடு வாங்கி வந்தார். சீசன் தலைக்கு மேல் இருந்தும் இதற்கு மட்டும் எல்லோருக்கும் நேரம் இருந்தது. பக்கவாட்டில் நீளமாகத் திறப்பு வைத்து, உள்ளே இருந்த பஞ்சை அழுக்கு என்று எடுத்துத் தூரப் போட்டு, உள்ளங்கைப் பக்கம் கழுத்து வெட்டுகிற மாதிரி வளைத்து வெட்டி, மீந்த நீலத் துணியில் லைனிங் கொடுத்து, ஓரம் மடித்து, நாடா கோத்துக் கொக்கி வைத்தீர்கள். உள்ளதைச் சொல்கிறேன், திறந்த நிமிஷம் தோலில் காற்று பட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு சுகம். அந்தத் தண்ணீரை நீங்கள் நன்றி என்று எடுத்துக்கொண்டீர்கள்.

அதன் பிறகு என் மாவுக்கட்டு, கோட்டு மாதிரி ஆகிவிட்டது. குளிக்கும்போது கழற்றுவது, வேர்த்தால் கழற்றுவது, வெளியே போகும்போது மாட்டுவது. அளவு கொடுக்க வந்த பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் தன் மாமியாரின் காலுக்கும் இதே மாடலில் வேண்டும் என்று கேட்டாள். நானும் அந்தக் கையால் ஸ்கர்ட்டுகளுக்கு ஓரம் அடித்தேன். இரவில் வலித்தது. உங்களிடம் சொன்னேன். "புதுத் துணி மொதல்ல அப்படித்தான், போட்டுப் போட்டுச் சரியாயிடும்" என்றீர்கள்.

குறித்த தேதியில் மருத்துவமனைக்குப் போனபோது மாவுக்கட்டு வெட்டும் ஆள் ரம்பத்தைக் கையில் எடுத்து, பிறகு மெல்லக் கீழே வைத்தார். கொக்கியை அவிழ்த்தார். மறுபடி மாட்டினார். மறுபடி அவிழ்த்தார். "எந்த ஆஸ்பத்திரிங்க இது? ஃபினிஷிங் நல்லா இருக்கே" என்றார். டாக்டர் வந்து பார்த்தார். அவர் கேட்கும் முன்னாலேயே உங்கள் தம்பி "எங்க அக்கா" என்றார். பெருமையாக. டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"எலும்பு சேர்ந்துருச்சு. தப்பா சேர்ந்துருச்சு. குடும்பமா போட்டோ எடுக்கும்போது ஒருத்தர் மட்டும் வேற பக்கம் திரும்பி நிப்பாங்கல்ல, அந்த மாதிரி."

"இப்ப என்ன டாக்டர் பண்றது?"

"மறுபடி அதே இடத்துல உடைச்சு, தகடு வச்சு நேராக்கலாம். இல்லேன்னா இருக்கிற கைய வச்சுக்கிட்டே பயிற்சி பண்ணி, எவ்வளவு தூரம் வேலை செய்யுதுன்னு பார்க்கலாம். படத்துல அழகா இல்லாத கையும் நல்லா வேலை செய்யறதுண்டு."

"பிரிச்சுத் தைக்கிற மாதிரிதானே டாக்டர்?" என்றார் உங்கள் தம்பி.

"தைக்கிறது இல்லங்க. உடைக்கிறது."

அப்போதுதான் உங்கள் தம்பியின் முகம் வெளுத்தது. முதலில் பயிற்சி, அது ஒத்துவராவிட்டால் உடைக்கலாம் என்று நான்தான் முடிவு செய்தேன். இரண்டாவது தடவை உடைப்பதையாவது என்னைக் கேட்டுச் செய்யட்டுமே.

இதைத்தான் நீங்கள் அங்கே, 'அவங்க வீட்டுலயே எல்லாருக்கும் எலும்பு மெலிசு' என்று சொல்வதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டு எலும்புக்கு என்ன குறை? அது சரியாகத்தான் சேர்ந்தது, நீங்கள் வெட்டிக் கொடுத்த அளவுக்கு. 'படிச்ச பொண்ணுதானே, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்றும் சொன்னீர்களாம். இதைக் கேட்டபோது நான் அந்த அம்மா கொடுத்த ரப்பர் களிமண் உருண்டையைப் பிசைந்துகொண்டிருந்தேன். உருண்டை சப்பட்டையாகிவிட்டது. நான் படித்தது தாவரவியல் அண்ணி. செடியைக் கோணலாகக் கட்டினாலும் அது கொஞ்சம் கொஞ்சமாக வெயில் பக்கம் திரும்பிக்கொள்ளும். எலும்புக்கு அந்த அறிவு கிடையாது. கட்டியபடியே நிற்கும், மருமகள் மாதிரி.

இப்போது அந்தக் கை எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் ஓர் எலும்பு கோட்டுப் பொத்தான் அளவுக்குத் துருத்திக்கொண்டிருக்கிறது. பூட்டில் சாவி நுழையும், திரும்பாது. டப்பா மூடி திறக்காது. துணி பிழிந்தால் துணி என்னைப் பிழிகிறது. எல்லாவற்றையும்விட, உள்ளங்கை மேல் பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது. பாதி வழியில் கட்டை விரல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறது. கடையில் மீதிச் சில்லறை கொடுத்தால் வாங்க முடியாது, உருண்டு ஓடிவிடும். யாரிடமும் கையேந்தாத குடும்பம் என்று மாமா அடிக்கடி சொல்வார். அதை நீங்கள் என் எலும்பிலேயே உறுதி செய்துவிட்டீர்கள்.

பயிற்சி என்றால் பெரிதாக எதுவும் இல்லை. வெந்நீரில் கையை ஊறவைப்பது, துணிக் கிளிப்புகளைக் கயிற்றில் மாட்டுவது, எடுப்பது, பிறகு சுத்தியல். சுத்தியலின் காம்பைப் பிடித்துக்கொண்டு முழங்கையை இடுப்போடு ஒட்டி, மெல்ல வெளிப் பக்கம் சாய்க்க வேண்டும். சுத்தியலின் கனம் கையைத் திருப்பும். வலி வந்ததும் நிறுத்தி, அங்கேயே கொஞ்சம் நிற்க வேண்டும். மாடியில் வெளிச்சம் போதாது என்று படிக்கட்டில் நின்று செய்கிறேன். நான் சுத்தியலோடு நிற்பதைப் பார்த்தால் வாடிக்கையாளர்கள் இப்போதெல்லாம் 'சட்டை எங்கே, ஏன் லேட்டு' என்று சத்தம் போடுவதில்லை. உங்கள் தம்பிக்கு அந்த வகையில் நிம்மதி.

முதல் நாள் அந்த அம்மா என்னிடம், "என்ன வேணும் உனக்கு?" என்று கேட்டார்.

"பழைய கை வேணும்."

"அது ஸ்டாக் இல்ல. வேற கேளு."

நான் யோசித்தேன். "குழந்தைக்கு முகம் கழுவி விடணும். தண்ணி கையில நிக்கணும்."

"அது கேக்கலாம்" என்றார். "இவங்க கிட்ட நான் பேசிப் பார்க்கிறேன்."

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் உங்கள் கடிதத்தில் பெரிதுபடுத்தியிருக்கும் அந்த விஷயம் நடந்தது. உங்கள் தம்பி உங்களிடம் போனில் எப்படிச் சொன்னாரோ தெரியாது. ஒருநாள் காலை தண்ணீர் கேன் போட வந்தவருக்குப் பொத்தான் டாட்டா காட்டினாள். வலது கை. மணிக்கட்டு மடங்கி, புறங்கை முன்னால் வந்து, சுண்டுவிரல் தொங்கிக்கொண்டு. ஓடிப்போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன். பிஸ்கட் கொடுத்தேன். அதே வலது கையை உள்ளங்கை கீழே பார்க்க நீட்டி, மேலேயிருந்து கவ்வினாள். நாங்கள் விழுந்த அன்று எல்லோரும் குழந்தைக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றோமே, யார் பார்த்தோம்? யாராவது அவள் கையைத் தொட்டுப் பார்த்தோமா? சிரித்ததைப் பார்த்தோம், விட்டுவிட்டோம். இத்தனை நாளும் அவள் எலும்பும் உள்ளே கோணலாகச் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது, நான் என் கைக்கு வெந்நீர் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, தோளில் அளவு டேப் தொங்க நின்ற உங்கள் தம்பியை அப்படியே இழுத்துக்கொண்டு, ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டே அழுதேன். அவள் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். அதுவும் புறங்கையால்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் தன் சட்டைப் பையிலிருந்த குட்டி டார்ச்சை எரியவிட்டு அவளிடம் நீட்டினார். இரண்டு உள்ளங்கையையும் மலர விரித்து வாங்கிக்கொண்டாள். ஜன்னல், தரை, என் மூக்கு எல்லாவற்றிலும் அடித்துப் பார்த்தாள். பிறகு நான் பார்ப்பதைக் கவனித்தாள். டார்ச்சை இடது கைக்கு மாற்றிவிட்டு வலது மணிக்கட்டை மறுபடி அழகாக மடக்கிக்கொண்டாள்.

"பாப்பாவுக்கு எலும்பு நல்லா இருக்கு. நடிப்பு அதைவிட நல்லா இருக்கு" என்றார் டாக்டர். "உங்களப் பார்த்துத்தாம்மா செய்யுது. அம்மா கை இப்படித்தான் இருக்கும்போல, பெரியவங்கன்னா இப்படித்தான்னு நினைச்சுக்கிச்சு."

உங்கள் தம்பி சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இதற்கு நீங்கள் கண்டுபிடித்த வைத்தியம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. 'உன்னைப் பார்த்தே வளர்ந்தால் பிள்ளை கோணலாகத்தான் கற்றுக்கொள்ளும். உன் கை நேராகும் வரை என்னிடம் இருக்கட்டும். பையன்களும் விடுதிக்குப் போனபின் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஒரே ஒரு மாதம். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன்.' இதில் ஒரு சிறிய சிக்கல் இருக்கிறது அண்ணி. மறுபடி உடைத்தாலொழிய என் கை நேராகாது. நன்றாக வேலை செய்யக்கூடும், வலி குறையக்கூடும், ஆனால் நேராகாது என்று டாக்டர் உங்கள் தம்பியை வைத்துக்கொண்டுதான் சொன்னார். அவர் தலையாட்டினார். ஆக, நீங்கள் கோணலாக்கிய கை நேராகும் வரை நீங்கள் என் குழந்தையை வைத்துக்கொள்வீர்கள். இதைவிடக் கச்சிதமாக ஒரு கணக்கை நான் கல்லூரியில்கூடப் பார்த்ததில்லை.

அதோடு அந்தக் கவுன்கள். பொட்டலத்தைப் பிரித்தவுடன் நானும் மயங்கித்தான் போனேன். மஞ்சளில் வெள்ளைப் பூ, கழுத்தில் சின்னச் சுருக்கம். தையலில் உங்களை ஒருவர் குறை சொல்ல முடியாது. பிறகு திருப்பிப் பார்த்தேன். நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் ஓரம் அடித்துக்கொண்டிருப்பவள், ஒரு மாதத்துக்குத் தைத்த துணிக்கு எவ்வளவு மடிப்பு விடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு கவுனிலும் அடியில் முக்கால் சாண் மடிப்பு. பக்கத் தையலிலும் பிரித்துவிட இடம். குழந்தை பள்ளிக்கூடம் போகும் வரை பிரித்துப் பிரித்துப் போடலாம். கடிதத்தில் ஒரு மாதம் என்று எழுதிவிட்டீர்கள். துணியில் உங்களுக்குப் பொய் சொல்ல வராது.

உங்கள் தம்பியிடம் மடிப்பைக் காட்டினேன்.

"அக்கா எப்பவும் தாராளமா விடுவாங்க."

"இது தாராளம் இல்ல. இது தத்து எடுக்கிறது."

"சும்மா இரு. கொஞ்ச நாள்தானே? உனக்கும் ரெஸ்ட் கிடைக்கும். குழந்தைய வேற ஒத்தக் கையால தூக்கிக்கிட்டு, எனக்குக் கீழ மெஷின்ல உக்காந்தா மனசே ஓடமாட்டேங்குது."

"பயமா இருக்குன்னு சொல்லுங்க."

"பயமாத்தான் இருக்கு."

எனக்கும்தான் அண்ணி. நீங்கள் என்ன நினைத்தீர்கள்? ஒவ்வொரு முறை அவளைத் தூக்கும்போதும் முதலில் தரையைப் பார்க்கிறேன். துணி கிடக்கிறதா, தண்ணீர் சிந்தியிருக்கிறதா, என் கால் எங்கே, சுவர் எங்கே. நடந்துபோகும் தூரத்துக்குள் மூன்று இடத்தில் எதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று மனதில் குறித்துக்கொண்டுதான் கிளம்புகிறேன். தூங்கும்போது கனவிலும் விழுகிறாள். ஆனால் பயப்படுகிறவளிடம் குழந்தை இருக்கக் கூடாது என்றால் உலகத்தில் ஒரு குழந்தையும் அம்மாவிடம் இருக்காது.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. உங்களுக்குச் சொல்லக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஒரு காலையில் குழாயடியில் அவளை முக்காலியில் நிறுத்தி, முழங்கையை இடுப்போடு ஒட்டி, தோளையும் சேர்த்துச் சாய்த்து, அந்த அம்மா சொன்னபடி மூச்சை விட்டுக்கொண்டே உள்ளங்கையைத் திருப்பினேன். முழுசாக வரவில்லை. சரிவாக நின்றது. விரல்களைக் கொஞ்சம் மடக்கி அணை போட்டு, குழாயைத் திறந்தேன். தண்ணீர் நின்றது. நின்றது என்றால், பாதி சுண்டுவிரல் பக்கமாக ஒழுகிக்கொண்டே நின்றது. அதற்குள் முகத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று நான் அவசரப்பட, பொத்தான் ஒழுகும் இடத்தைப் பார்த்துவிட்டாள். தன் வலது கையை என் சுண்டுவிரலுக்குக் கீழே நீட்டினாள். மடக்காமல், கோணாமல், உள்ளங்கை வானத்தைப் பார்க்க, தட்டு மாதிரி. ஒழுகியதை அதில் பிடித்துத் தன் முகத்தில் தானே அடித்துக்கொண்டாள். என் கையில் மிச்சமிருந்ததை நான் அடித்தேன். முகம் கழுவியாகிவிட்டது. இரண்டு பேர் சட்டையும் நனைந்துவிட்டது.

நான் உடனே போய் யாரிடமும் சொல்லவில்லை. அன்று மருத்துவமனையில் அந்த அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "இவங்க ஏதோ கொஞ்சம் செஞ்சிருக்காங்க. பாப்பா நிறைய செஞ்சிருக்கு" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஆகவே அண்ணி, தெளிவாகவே எழுதிவிடுகிறேன். குழந்தை என்னிடம்தான் இருப்பாள். அவள் என்னைப் பார்த்துக் கோணலைக் கற்றுக்கொண்டால், கோணல் கையோடு எப்படிச் சமாளிப்பது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்ளட்டும். உங்களிடம் அனுப்பினால் வேண்டாம் என்று சொல்வது எப்படி என்பதைக் கற்றுக்கொள்ள முடியாது, அங்கே அந்தப் பாடம் நடப்பதில்லை. உங்கள் தம்பி சரி என்று போனில் சொல்லியிருந்தால் அது தலையாட்டல், சம்மதம் அல்ல. ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வர வேண்டாம். வண்டி இல்லாமலும் வர வேண்டாம். கத்தரிக்கோலோடு வரவே வேண்டாம். கவுன்கள் அனைத்தையும் இதே பொட்டலத்தில் திருப்பி அனுப்புகிறேன். மடிப்பைப் பிரிக்கவில்லை. வேறு யாருக்காவது உதவும்.

அண்ணனுக்கு என் வணக்கம். பையன்களுக்கு என் அன்பு. அவர்கள் விளையாடும்போது கீழே விழுந்தால் தயவுசெய்து முதலில் மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள், வீட்டுக்கு அப்புறம் வரலாம். நீங்கள் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன், கையாலும் எழுதுகிறேன், இரண்டும் ஒன்று சேர்ந்து இவ்வளவு தூரம் எழுதியதே பெரிய விஷயம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி,
பொத்தானின் அம்மா.

பி.கு.: பொட்டலம் வராது. கயிறு கட்ட முடிச்சுப் போட வரவில்லை, அதற்குள் பொத்தான் மஞ்சள் கவுனை உருவிப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்று உருள்கிறாள். தோள், அக்குள், இடுப்பு எல்லாம் கச்சிதம். எப்போது அளவு எடுத்தீர்கள் என்றே தெரியவில்லை. கீழே மடிப்பு இருக்கும் கனத்துக்கு ஆட்டினால் நன்றாகச் சுழல்கிறது, அது அவளுக்குப் பிடித்துவிட்டது. அவள் வளர வளர அதைப் பிரித்து விட்டு, திரும்ப ஓரம் அடிக்க வேண்டும். அந்த நுணுக்கமான வேலைக்கு இவங்க இன்னும் தயாராக இல்லை. எனவே யாராவது அவ்வப்போது இங்கே வந்து போக வேண்டியிருக்கும்.

இன்னொன்று. இரவில் மாட்டிக்கொள்ள மருத்துவமனையில் ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்திருக்கிறார்கள். கட்டை விரலுக்கு அடியில் விளிம்பு அறுக்கிறது. அந்த அம்மாவிடம் காட்டினேன். ஓரத்தை மட்டும் ஒரு நூல் அளவு எடுத்துவிடலாம், ஆனால் தன்னிடம் இருக்கும் கத்தரி மொட்டை என்றார், எங்கே எடுக்க வேண்டும் என்று பேனாவால் கோடு போட்டுக் கொடுத்துவிட்டார். மாமா வந்து கோட்டைச் சாக்கட்டியால் திருத்தப் பார்த்தார், விடவில்லை. உங்கள் தம்பி ரம்ப பிளேடோடு வந்தார், சுத்தியலைக் காட்டினேன், போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை வரும்போது பொத்தானுக்குக் காஜா வெட்டும் அந்தச் சின்னக் கத்தரிக்கோலைக் கொண்டு வாருங்கள். கோட்டைத் தாண்டக் கூடாது. நான் வேண்டாம் என்று சொன்ன இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஒரே ஒரு தடவைதான் சொல்வேன்.